திருத்தலங்களின் தோற்றமும் வகைப்பாடும்: ஒரு சமூகவியல் நோக்கு

இந்துத் திருத்தலங்களைப் பற்றித் தமிழில் நூல்களுக்குக் குறைவில்லை. பதினாறாம் நூற்றாண்டு தொடக்கம் பெருகிய தலபுராணங்களும், அவற்றை அடியொற்றி எழுந்த தல வரலாறுகளும், கும்பாபிடேக மலர்களும் ஒரு நூலகத்தையே நிரப்பவல்லன. ஆயின், இவற்றுட் பெரும்பாலானவை தலத்தின் பெருமையை விளம்புவன. அத்தலம் ஏன் அவ்விடத்தில் அமைந்தது, எக்காலத்தில் எவருடைய உழைப்பால் எழுந்தது, எவருடைய உடைமையாயிற்று என்னும் வினாக்களை எழுப்புவன அல்ல. இவ்வினாக்களுக்கு விடை காணாது தலங்களை வகைப்படுத்த முனைவோர், மரபு தந்த வகைப்பாடுகளை அவ்வாறே ஏற்றுக்கொள்ள நேரிடுகின்றது.

வகைப்பாடு என்பது அறிவு வசதிக்காகச் செய்யப்படும் ஒழுங்குபடுத்தல் மாத்திரமன்று. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் வழிபாட்டுரிமை கோரி நின்றபோது, அவர்களைத் தடுத்தோர் வழக்கத்தையும் ஆகம விதியையும் துணைக்கழைத்தனர். இஃது இன்ன வகைக் கோயில், ஆதலின் இன்னார் இவ்வெல்லைக்கு அப்பாற் செல்லலாகாது என்பதே வாதத்தின் சாரம். கோயிலை வகைப்படுத்திய அளவிலேயே மனிதரும் வகைப்படுத்தப்பட்டுவிட்டனர். எனவே, வகைப்பாட்டின் வரலாற்றை ஆராய்வது அதிகாரத்தின் வரலாற்றை ஆராய்வதுமாகும். தமிழகத்துச் சான்றுகளை முதலிலும், அவற்றோடு வரலாற்றுத் தொடர்புடைய ஈழத்து நிலையைப் பின்னரும் நோக்கி, இக்கருத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தோற்றம்: மரம், கந்து, நடுகல்

சங்க இலக்கியம் காட்டும் வழிபாட்டிடங்களுட் பெரும்பாலானவை கட்டடங்கள் அல்ல. திருமுருகாற்றுப்படை முருகன் உறையும் இடங்களை நிரற்படுத்துமிடத்துக் காடு, சோலை, ஆற்றிடைக்குறை, குளம், சதுக்கம், சந்தி, கடம்பமரம், மன்றம், பொதியில், கந்து நாட்டிய இடம் ஆகியவற்றைக் குறிப்பிடுகின்றது. இவை மக்கள் வேட்டையாடிய, நீர் அருந்திய, கூடிப் பேசிய, வழி பிரிந்த இடங்கள். வாழ்க்கைத் தொழிற்பாடுகள் நிகழ்ந்த களங்களே வழிபாட்டுக் களங்களாயின என்பது இதனாற் பெறப்படும்.

இந்நூலிலேயே இருவேறு வழிபாட்டு முறைகள் அருகருகே அமைந்திருத்தல் அவதானிக்கத்தக்கது. திருவேரகத்தில் அந்தணர் நீராடிய ஈர ஆடையுடன் மந்திரம் ஓதி வழிபடுகின்றனர். பழமுதிர்சோலைப் பகுதியிலோ குறமகள் ஆட்டுக் குருதி கலந்த அரிசியைப் பலியாக இட்டு, இசைக்கருவிகள் முழங்க முருகனை வரவழைக்கின்றாள். புலவர் இவ்விரண்டையும் ஒரு தெய்வத்துக்குரிய வழிபாடுகளாகவே கூறுகின்றார். ஒன்றை உயர்ந்ததென்றும் மற்றதைத் தாழ்ந்ததென்றும் வகுத்தாரல்லர். அத்தகைய தரவரிசை பிற்காலத்து விளைவாகும்.

பொதியிலில் நாட்டப்பட்ட கந்து எனும் தூணும் கருதத்தக்கது. காவிரிப்பூம்பட்டினத்துப் பொதியிலில் மாலை வேளையில் மெழுகி விளக்கேற்றியோர் போரிற் சிறைபிடிக்கப்பட்டு வந்த கொண்டி மகளிர் எனப் பட்டினப்பாலை கூறுகின்றது. கோயிற்பணி பற்றிய பழைய தமிழ்ச் சான்றுகளில் ஒன்று அடிமைப்பட்ட பெண்களின் உழைப்பைக் குறிப்பதாக அமைந்திருத்தல் தற்செயலானதன்று. பிற்காலத்தில் விரிவுறப்போகும் ஓர் உறவின் தொடக்கம் அது.

மூன்றாவது ஊற்று நடுகல். தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என அதன் ஆறு நிலைகளையும் கூறும். மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றுச் செய்யுளொன்று, போரில் வீழ்ந்தோன் கல்லையன்றி நெல்தூவிப் பரவத்தக்க கடவுள் பிறிதில்லை என்னும் கருத்தைத் தருகின்றது. 2006இல் தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையிற் கண்டெடுக்கப்பட்ட, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த நினைவுக் கற்களுள் ஒன்று ஆகோளைச் சுட்டுகின்றது. இலக்கியம் கூறிய வழக்கம் புலவர் கற்பனையன்று என்பதற்கு இது தக்க சான்றாகும். ஆநிரையே செல்வமாயிருந்த சமூகத்தில் அதற்காக மடிந்தவன் தெய்வமானான்.

இந்நடுகல் மரபு அரசுருவாக்கத்துடன் மறைந்தொழியவில்லை, உருமாறியது. சிலப்பதிகாரத்திற் சேரன் செங்குட்டுவன் கண்ணகிக்காக இமயத்திற் கல்லெடுத்துக் கங்கையில் நீர்ப்படை செய்வது நடுகற் சடங்கின் பேரரசு வடிவமேயாகும். சோழர் காலத்தில் இறந்த அரசரின் நினைவாகப் பள்ளிப்படைகள் எழுந்தன. மேற்பாடியில் அரிஞ்சயனுக்காக முதலாம் இராசராசன் எடுப்பித்த அரிஞ்சிகை ஈச்சரமும், பழையாறையிற் பஞ்சவன்மாதேவிக்காக முதலாம் இராசேந்திரன் எடுப்பித்த ஈச்சரமும் சிவன் கோயில்களாகவே விளங்குகின்றன. ஆநிரை மீட்டவனின் கல் ஊர்ப்புறத்தில் நிற்க, அரசகுடும்பத்தவரின் நினைவிடம் விமானத்துடன் எழுந்தது. மூல நம்பிக்கை ஒன்றே. வேறுபாடு வர்க்கம் சார்ந்தது.

கோயிலும் உபரியும்

கோயில் என்னும் சொல் அரசனின் இல்லத்தையும் இறைவனின் இல்லத்தையும் ஒருங்கே குறித்தது. சிறு தெய்வ நிலைகள் பெருங்கோயில்களாக வளர்ந்தமைக்கு, அரசும் வேளாண் உபரியும் ஒருங்கிணைந்தமையே அடிப்படையாகும். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றிப் பிரமன், ஈசன், திருமால் ஆகியோர்க்குக் கோயில் அமைத்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டிற் பெருமையுறுகின்றான். அதற்கு முன்னர் கோயில்கள் அப்பொருள்களாலேயே கட்டப்பட்டன என்பது அப்பெருமையுள் அடங்கியுள்ளது. 2005இல் மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் வெளிப்பட்ட செங்கற் கோயில் இதனை உறுதிசெய்தது.

தேவாரப் பாடல் பெற்ற தலங்களின் பரம்பலை நோக்குமிடத்து இப்பொருளியல் அடிப்படை தெளிவுறும். மரபாக எண்ணப்படும் 274 தலங்களுள் காவிரியின் வடகரையில் 63, தென்கரையில் 127. ஆக 190 தலங்கள் சோழநாட்டுக்குரியன. தொண்டைநாட்டில் 32, நடுநாட்டில் 22, பாண்டிநாட்டில் 14, கொங்குநாட்டில் 7, வடநாட்டில் 5, ஈழத்தில் 2, மலைநாட்டிலும் துளுவநாட்டிலும் ஒவ்வொன்று. பத்தில் ஏறத்தாழ ஏழு தலங்கள் ஓர் ஆற்றுச் சமவெளியில் அமைந்திருத்தலை அருளின் மிகுதியால் விளக்குதல் இயலாது. வாய்க்காற் பாசனம், இருபோக நெல், நெருங்கிய குடியிருப்பு, உபரியை ஒன்றுதிரட்டும் நிலவுடைமைக் குழுக்கள் என்பன எங்கிருந்தனவோ அங்கேயே தலங்களும் செறிந்தன. பேராசிரியர் கைலாசபதி தமது ‘பண்டைத்தமிழர் வாழ்வும் வழிபாடும்’ (1966) என்னும் நூலில் நாயன்மார் இயக்கத்துக்கும் நிலவுடைமையாளரின் எழுச்சிக்குமுள்ள தொடர்பை விளக்கியமை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது.

தஞ்சைப் பெருங்கோயிலில் இவ்வமைப்பு முழு வளர்ச்சி எய்தியது. 1010இல் விமானத்துக்குக் கலசம் வைக்கப்பட்ட இக்கோயில் வழிபாட்டிடம் மாத்திரமன்று. நிலக்கிழார், வங்கி, களஞ்சியம், தொழில்தருநர் ஆகிய அனைத்துமாயிருந்தது. சோழமண்டலத்தின் பல்வேறு தளிகளிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகள் கொணர்ந்து குடியேற்றப்பட்டனர். கோயிற் பண்டாரத்துப் பணம் ஊர்ச்சபைகளுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டிக்குக் கொடுக்கப்பட்டது. ஈழமண்டலத்து ஊர்கள் சிலவும் இக்கோயிலுக்கு நெல்லும் காசும் அளிக்குமாறு விதிக்கப்பட்டன. ஈழத்திற் சோழர் ஆட்சியின் அடையாளமாக மாதோட்டத்தில் இராசராச ஈச்சரமும் பொலன்னறுவையில் வானவன்மாதேவி ஈச்சரமும் எழுந்தன. படையெடுப்புக்கும் கோயிலெடுப்புக்கும் இடையிலுள்ள உறவை மறைப்பது வரலாற்றுக்குத் துணைபோவதாகாது.

இக்கோயிற் கல்வெட்டுகள் பிறிதொரு வகையிலும் பெறுமதி வாய்ந்தன. ஊர்களின் வரியிலி நிலங்களைப் பட்டியலிடுமிடத்து ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றுடன் பறைச்சேரி, கம்மாணசேரி, தீண்டாச்சேரி என்பனவும், பிடாரி, ஐயன், காடுகாள் ஆகிய தெய்வங்களின் இடங்களும் குறிக்கப்படுகின்றன. பெருங்கோயிலைக் கற்றளியாக்கிய அதே நூற்றாண்டில் ஊர்தோறும் பிறவகைத் தெய்வ நிலைகள் உயிர்ப்புடன் இருந்தன. மனிதரைத் தீண்டாதாராக்கிய குடியிருப்புப் பிரிவும் ஆவணப்பட்டது. தலங்களின் தரவரிசையும் சேரிகளின் தரவரிசையும் ஒரே கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளன.

மரபுவழி வகைப்பாடுகள்

மரபு தலங்களைப் பலவாறு வகுத்துள்ளது. அவற்றுள் மிகப் பழையனவற்றுள் ஒன்று அப்பரின் அடைவுத் திருத்தாண்டகமாகும். பள்ளி, வீரட்டம், குடி, ஊர், கோயில், காடு, வாயில், ஈச்சரம், மலை, ஆறு, குளம், களம், கா, துறை என ஊர்ப்பெயரின் ஈறுகளைக்கொண்டு அவர் தலங்களைத் தொகுக்கின்றார். கோயில்களையும் பெருங்கோயில், கரக்கோயில், ஞாழற்கோயில், கொகுடிக்கோயில், இளங்கோயில், மணிக்கோயில், ஆலக்கோயில் எனப் பெயரிட்டுச் சுட்டுகின்றார். ஞாழல், கொகுடி, ஆல் என்பன மரஞ்செடிகொடிகளின் பெயர்கள். இத்தொகுப்பு நிலத்தோற்றத்தையும் குடியிருப்பையும் மறவாத தொகுப்பு; தலத்தை மண்ணிலிருந்து பிரிக்காத தொகுப்பு.

இதற்கு மாறாக ஆகம மரபு மூலவடிவத்தின் பிறப்பைக்கொண்டு தரம் பிரிக்கின்றது. தானே தோன்றியது சுயம்பு; தேவர் நிறுவியது தெய்விகம்; முனிவர் நிறுவியது ஆரிடம்; மனிதர் நிறுவியது மானுடம். இவ்வரிசையில் முதலிடம் சுயம்புக்கு. கடைசியிடம் மனிதர் செய்ததற்கு. கல்லை வெட்டிச் சுமந்து செதுக்கியவனின் உழைப்பு எத்துணைக்கு மறைக்கப்படுகின்றதோ அத்துணைக்குத் தலத்தின் மதிப்பு உயர்கின்றது. உழைப்பின் விளைவு உழைத்தவனுக்கு அந்நியமாகி, அவனையே ஆளும் ஆற்றலாகத் தோன்றுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டுக் காண்டலரிது.

விமான அமைப்பைக்கொண்டு நாகரம், திராவிடம், வேசரம் எனப் பிரிப்பது சிற்பநூல் வழக்கு. முறையே சதுரம், எண்கோணம், வட்டம் என்பன அவற்றின் வடிவங்களாகத் தென்னாட்டு நூல்கள் கூறும். கலைவரலாற்றுக்கு இது பயன்படும். சமூக வரலாற்றுக்குப் போதாது. ஐம்பூதத் தலங்கள், ஐம்பெரும் அம்பலங்கள், அட்டவீரட்டங்கள், வைணவரின் 108 திருப்பதிகள் என எண்ணால் தொகுப்பது வேறொரு முறை. தொலைவிலிருந்த ஊர்களை யாத்திரைப் பாதைகளால் இணைத்து, ஒரு பண்பாட்டுப் பரப்பினை உருவாக்குவதில் இத்தொகைகள் பெரும் பங்காற்றின. காஞ்சி, ஆனைக்கா, அண்ணாமலை, காளத்தி, தில்லை ஆகிய ஐந்தையும் ஒரு தொடராகக் கண்டவர்க்கு, அவை அமைந்த நாடுகளும் ஒன்றாயின.

ஈழத்து நிலை

ஈழத்தில் இவ்வகைப்பாடுகள் புதிய பொருள் பெற்றன. தேவாரப் பாடல் பெற்ற திருக்கோணமலையிலும், யாழ்ப்பாண அரசின் தலைநகரான நல்லூரிலும் இருந்த கோயில்களைப் போர்த்துக்கேயர் 1620களில் இடித்தனர். ஒல்லாந்தர் ஆட்சியின் பிற்பகுதி தொடக்கம் யாழ்ப்பாணத்திற் கோயில்கள் மீண்டும் எழுந்தபோது, அவற்றை எழுப்ப அரசர் இருக்கவில்லை. நிலமும் வணிகமும் அலுவலக உத்தியோகமும் கைவரப்பெற்ற குடும்பங்களே எழுப்பின. ஆதலின், யாழ்ப்பாணத்துக் கோயில்கள் பலவும் குடும்பத்தின் அல்லது சாதிக்குழுவின் உடைமையாக அமைந்தன. இவ்வுடைமை பற்றிப் பிரித்தானிய நீதிமன்றங்களில் வழக்குகள் மலிந்தமைக்கும் இதுவே காரணம்.

இப்பின்னணியிலேயே ஆறுமுகநாவலரின் (1822–1879) பணி நோக்கப்படல் வேண்டும். மிசனரிமாரின் தாக்குதலுக்கு எதிராகச் சைவத்தைத் தற்காத்து, அச்சையும் பாடசாலையையும் கருவிகளாக்கிய அவரது வரலாற்றுப் பங்களிப்பு மறுத்தற்கரியது. ஆயின், அத்தற்காப்பு ஓர் ஒருமுகப்பட்ட சைவத்தை வேண்டி நின்றது. ஆகமத்துக்கு அமையாதன யாவும் களையப்பட வேண்டியனவாயின. உயிர்ப்பலியும் ஊர்த்தெய்வ வழிபாடும் அவரது கண்டனத்துக்குள்ளாயின; நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் அதற்கு விலக்காகவில்லை. யாழ்ப்பாணத்திற் கண்ணகை அம்மன் கோயில்கள் பல, காலப்போக்கில் இராசராசேசுவரி, புவனேசுவரி முதலிய பெயர்களைப் பெற்றமை இக்கருத்துநிலையின் விளைவாகும்.

வன்னியிலும் கிழக்கிலும் நிலைமை வேறு. வற்றாப்பளையில் வைகாசிப் பொங்கலும், மட்டக்களப்புப் பிரதேசத்துக் கண்ணகை அம்மன் கோயில்களிற் குளிர்த்திச் சடங்கும் இன்றும் நிகழ்கின்றன. அங்குப் பூசை செய்வோர் ஆகமம் பயின்ற குருக்களல்லர், கப்புகனாரே. வாய்கட்டிப் பூசை செய்யும் வழக்கம் கதிர்காமத்திலும் மண்டூரிலும், வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியிலும் உண்டு. ஆகமம் சாராமையால் இத்தலங்களுக்கு அடியார் கூட்டம் குறைந்துவிடவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

மட்டக்களப்பில் ‘தேசத்துக் கோயில்’ என ஒரு வகை வழங்குகின்றது. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயில் அவற்றுள் ஒன்று. தேனெடுக்க வந்த வேடன் கொக்கட்டி மரத்தில் வெட்டியபோது குருதி பெருகிற்று என்றும், அவ்விடத்தே இலிங்கம் வெளிப்பட்டது என்றும் ஐதிகம் கூறும். வெட்டுப்பட்ட இடத்திற் குருதி பெருகும் இக்கதைக்கூறு தமிழகத்துத் தலங்கள் பலவற்றுக்கும் பொதுவானது. காடழித்து வயலாக்கிய ஒரு காலகட்டத்தின் நினைவு இக்கதையிற் படிந்துள்ளது எனலாம். தெய்வத்தைக் கண்டவன் காட்டுக்குரியவன். பின்னர் கோயில் நிருவாகம் வயலுக்குரிய குடிகளின் வண்ணக்கர்மாரிடமும், பூசை குருக்களிடமும் அமைந்தன. கண்டவன் கதையில் மாத்திரம் எஞ்சினான்.

இவற்றுக்கும் கீழே, எந்த வகைப்பாட்டிலும் இடம்பெறாத தலங்கள் உள. மரத்தடிச் சூலமாக நிற்கும் வைரவர், அண்ணமார், நாச்சிமார், பெரியதம்பிரான், முனி, காத்தவராயன் ஆகிய தெய்வங்களின் இடங்கள் அவை. நிலமற்ற உழைப்பாளரும் சேவைத் தொழிலாளரும் தமக்கெனப் பேணிய வழிபாட்டுக் களங்கள் இவை. திருமுருகாற்றுப்படை நிரற்படுத்திய இடங்களுக்கு மிக அண்மித்து நிற்பவையும் இவையே. தொன்மையே சிறப்பென்றால் முதலிடம் இவற்றுக்கே உரியது.

1957இன் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் சாதி காரணமாகப் பொது வழிபாட்டிடங்களுட் செல்வதைத் தடுத்தலைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டில் இருந்தது; கதவு திறக்கவில்லை. இடதுசாரிகளின் முன்னணிப் பங்குடன் தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம் முன்னெடுத்த போராட்டங்களின் பின்னரே, 1960களின் பிற்பகுதியிலிருந்து கதவுகள் திறக்கத் தொடங்கின. தமிழகத்தில் மதுரை மீனாட்சியம்மன் கோயில் நுழைவு 1939இல் நிகழ்ந்ததை இத்துடன் ஒப்பிட்டு நோக்கலாம்.

இங்கு ஒரு முரணையும் நேர்மையுடன் எதிர்கொள்ளுதல் அவசியம். ஒடுக்கப்பட்ட மக்கள் பலர் தமது அண்ணமாரைப் பிள்ளையாராகவும், வைரவரை ஞானவைரவராகவும் மாற்றி, ஆகம முறைப்படி கும்பாபிடேகம் செய்தனர். இதனைப் போலச்செய்தல் என இகழ்வது எளிது. ஆயின், நூற்றாண்டுக் கணக்காக வெளி வீதியில் நிறுத்தப்பட்டவர்கள், தமக்கென ஒரு கருவறையையும் கோபுரத்தையும் எழுப்பியதில் மானிட கண்ணியத்துக்கான வேட்கை உண்டு. அதேவேளை, அம்மாற்றத்தில் அவர்களுடைய தெய்வங்களின் பெயர்களும் பாடல்களும் சடங்குகளும் மறைந்தன. விலக்கிவைத்த கருத்துநிலையே வென்றது. உரிமையின் ஈட்டமும் நினைவின் இழப்பும் ஒருங்கே நிகழ்ந்த இயக்கவியல் இது.

மாற்று வகைப்பாட்டை நோக்கி

மேற்கூறியவற்றிலிருந்து, தலங்களைச் சமூகவியல் அடிப்படையில் வகுப்பதற்கு நான்கு அளவைகளை முன்வைக்கலாம். கோயிலும் அதன் நிலமும் எவருடைய உடைமை என்பது முதலாவது. பூசை எவர் கையில், எவ்வுரிமையில் உள்ளது என்பது இரண்டாவது. வழிபாட்டுக்கான வளம் எவருடைய உழைப்பிலிருந்து எவ்வழியாக வருகின்றது என்பது மூன்றாவது. எவர் எந்த எல்லைவரை செல்லலாம் என்பது நான்காவது.

இவ்வளவைகளைக்கொண்டு நோக்கின், மரத்தடியும் கல்லுமாகிய களங்கள், குல அல்லது ஊர்க் கோயில்கள், குடும்ப உடைமைக் கோயில்கள், பல ஊர்களை இணைக்கும் தேசத்துக் கோயில்கள், அரசு எடுப்பித்த பெருங்கோயில்கள் என ஐவகை பெறப்படும். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றான படிகளாகக் கருதுதல் தவறு. ஒரே தலம் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வகையினதாகலாம். கொக்கட்டி மரத்தடி தேசத்துக் கோயிலானது. யாழ்ப்பாண அரசின் கோயிலாயிருந்த நல்லூர் பிற்காலத்தில் ஒரு குடும்ப மரபின் பொறுப்புக்குள் வந்தது. வகை என்பது மாற்றத்தின் ஒரு கட்டமேயன்றி மாறா இயல்பன்று.

இவ்வினா ஏட்டளவினதன்று. தில்லை நடராசர் கோயில் நிருவாகம் தீட்சிதர்க்குரியதா அரசுக்குரியதா என்ற வழக்கில் 2014இல் இந்திய உயர்நீதிமன்றம் தீட்சிதர் சார்பாகத் தீர்ப்பளித்தபோதும், அக்கோயில் எவ்வகையினது என்பதே மையப் பிரச்சினையாயிற்று. ஈழத்தில் 2009இன் பின்னர் வெளிநாட்டுப் பணத்தால் இராசகோபுரங்கள் பல எழுந்துள்ளன. சூலமும் மரமும் இருந்த இடங்கள் சீமெந்துக் கட்டடங்களாகின்றன. புதிய தல வரலாறுகள் எழுதப்படுகின்றன. அவற்றுள் முன்னைப் பூசாரியின் பெயரோ, கதவு மூடப்பட்டிருந்த ஆண்டுகளோ இடம்பெறுதல் அரிது.

மதத்தை ஏமாற்று வித்தை என ஒதுக்கிவிடும் கொச்சைப் பொருள்முதல்வாதம் இவ்விடத்து உதவாது. கோயில் சுரண்டலின் நிலையமாக இருந்தது; அதுவே இசைக்கும் சிற்பத்துக்கும் கூட்டு வாழ்வுக்கும் இடமளித்தது. அதன் வாயிலிலேயே சமத்துவத்துக்கான போராட்டமும் நிகழ்ந்தது. இம்முழுமையை உணர்ந்து, ஊர்ப்புறத் தலங்களின் வாய்மொழி வழக்குகளையும் உடைமை உறவுகளையும், முதியோர் வாழுங்காலத்திலேயே பதிவுசெய்தல் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளின் உடனடிக் கடமையாகும். எத்தலம் தூயது என்னும் வினாவை விடுத்து, அத்தலம் எவரால் உண்டாயிற்று, எவருக்கு மறுக்கப்பட்டது என்னும் வினாவிலிருந்து அப்பதிவு தொடங்குதல் வேண்டும்.